பிரின்ஸ்டன் வாயிலுக்கு வெளியே ஒரு சனிக்கிழமை

ஆறு வாரக் கோடைக்காலப் பயிற்சிக்காக நான் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து இரண்டு வாரங்கள் ஓடிவிட்டன. ஆனால் அந்த இரண்டு வாரங்களில் நான் கண்ட பிரின்ஸ்டன், விடுதி அறைக்கும் உணவுக்கூடத்துக்கும் வகுப்பறைக்கும் இடையிலான நடைபாதைகளைத் தாண்டியதில்லை. பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து என்னை ஏற்றிவந்த ரயிலை இங்குள்ளவர்கள் 'டிங்கி' என்று செல்லமாக அழைக்கிறார்கள். மூன்று மைலுக்கும் குறைவான தூரத்தை ஐந்தே நிமிடத்தில் கடந்து வளாகத்தின் ஓரத்திலேயே இறக்கிவிட்டுவிடுவதால், வழியில் ஊர் கண்ணில் படுவதற்கே வாய்ப்பில்லை. ஆகவே, உடன் படிப்பவர்கள் எல்லோரும் நியூயார்க்குக்குக் கிளம்பிப்போன அந்தச் சனிக்கிழமையன்று நான் மட்டும் தங்கிவிட்டேன். துவைக்க வேண்டிய துணிகள் குவிந்து கிடந்ததும் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்.

வெயில் ஏறுவதற்கு முன்பே நாசோ ஹாலுக்குச் சென்றேன். 1746-இல் 'நியூ ஜெர்சி கல்லூரி' என்ற பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனம் 1756-இல் இந்தக் கற்கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் என்ற பெயர் 1896-இல்தான் சூட்டப்பட்டது. 1783-ஆம் ஆண்டில் சுமார் நான்கு மாதங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் இங்கேதான் கூடியது என்பதால், அந்தச் சிறு காலத்துக்கு நாட்டின் தலைநகரமாகவும் இந்த ஊர் இருந்திருக்கிறது. எனக்கு அதைவிடச் சுவையாகப்பட்டது, அமெரிக்க விடுதலைப் போரின் பகுதியாக 1777 ஜனவரி 3 அன்று இங்கே நடந்த போரில் பீரங்கிக் குண்டு பட்டு ஏற்பட்ட வடு. தென்புறச் சுவரில் படர்கொடிகளுக்கு நடுவே அது இருக்கிறது என்று தெரிந்தும், கட்டடத்தை இரண்டு முறை சுற்றிய பிறகே கண்டுபிடித்தேன். எதிர்பார்த்ததைவிட அது மிகச் சிறியது.

அங்கிருந்து மெர்சர் தெருவில் நடந்தேன். அதே போரில் படுகாயமுற்று இறந்த தளபதி ஹியூ மெர்சரின் பெயரைத் தாங்கிய தெரு அது. 112-ஆம் எண் கொண்ட வெள்ளை நிற வீட்டில்தான் ஐன்ஸ்டைன் 1935 முதல் 1955-இல் இறக்கும்வரை வாழ்ந்தார். தம் வீடு அருங்காட்சியகமாக ஆகிவிடக் கூடாது என்பது அவருடைய விருப்பம். அதன்படியே அங்கே பெயர்ப்பலகை எதுவும் இல்லை, யாரோ குடியிருக்கவும் செய்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த இருவரைப் பார்த்ததும், எடுத்த கைபேசியைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்துவிட்டேன்.

ஐன்ஸ்டைன் பணியாற்றிய உயராய்வு நிறுவனம் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி என்றே நான் நினைத்திருந்தேன். அது 1930-இல் தனியாக நிறுவப்பட்ட வேறொரு அமைப்பு. தம் கடைசிக் காலத்தில், தர்க்கவியலாளர் கர்ட் கோடலுடன் பேசிக்கொண்டே வீடு திரும்பும் பேறுக்காகத்தான் அலுவலகத்துக்கே போவதாக ஐன்ஸ்டைன் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. அவர்கள் நடந்த வழியில் எதிர்த்திசையில் நடந்து அந்த நிறுவனத்தின் முகப்பை அடைந்தபோது, என் மனத்தில் இருந்தவர் ஐன்ஸ்டைன் அல்லர், ஹரீஷ்-சந்திரா. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனிடம் அலகாபாத்தில் இயற்பியல் பயின்று, பின்னர் கேம்பிரிட்ஜில் இயற்பியலாளர் டிராக்கின் மாணவராகி, கடைசியில் கணிதத்துக்கே வந்துசேர்ந்த அவர், 1963 முதல் 1983-இல் மறையும்வரை இங்கே பேராசிரியராக இருந்தார். நிறுவனத்துக்குப் பின்னால் உள்ள காட்டில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். நானும் நடந்தேன், கொசுக்களுக்கு உணவானேன், ஒரே மரப்பாலத்தை மூன்று முறை கடந்த பிறகு, வழி தவறியதை ஒப்புக்கொண்டேன். அருகிலுள்ள அந்த 1777 போர்க்களத்தைப் பார்க்கும் எண்ணம் அத்துடன் சுருங்கி, புல்வெளியை ஓரமாக நின்று பார்த்ததோடு முடிந்தது.

நண்பகலில் ஊர்ப் பொதுநூலகத்தின் குளிர்ச்சியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காலையில் பார்த்த எதைப் பற்றியும் படிக்காமல், ஊரைப் பற்றிய உள்ளூர் நூல்களைப் புரட்டியதால்தான் பிற்பகல் வேறு விதமாக அமைந்தது.

மீண்டும் வளாகத்துக்குத் திரும்பி, நாசோ ஹாலுக்கு எதிரே உள்ள ஃபிட்ஸ்ரான்டால்ஃப் வாயிலிலிருந்து நடையைத் தொடங்கினேன். பட்டம் பெறுவதற்கு முன் அதன் நடுவாயில் வழியாக வெளியேறும் இளநிலை மாணவருக்குப் பட்டம் கிடைக்காது என்பது இங்குள்ள நம்பிக்கை. கிடைக்கப்போவது வெறும் சான்றிதழ் என்பதால் நான் துணிந்து நடுவிலேயே நடந்தேன். 1905-இல் அமைக்கப்பட்ட இந்த வாயில், சிறப்பு நாள்கள் தவிர மற்ற காலங்களில் மூடியே கிடந்தது. ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே தடை வேண்டாம் என்று 1970-இல் பட்டம் பெற்ற மாணவர்கள்தான் அதை நிரந்தரமாகத் திறக்கச் செய்தார்கள். வாயிலுக்கு அருகிலேயே, கல்லூரித் தலைவர்கள் வசித்த மக்லேன் இல்லம் இருக்கிறது. 1766-இல், மறைந்த தலைவர் ஒருவரின் உடைமைகளோடு சேர்த்து, அவர் அடிமைகளாக வைத்திருந்த ஆறு மனிதர்களும் அந்த வீட்டில் விற்பனைக்கு விளம்பரப்படுத்தப்பட்டார்கள். காலையில் அதே வீட்டைக் கடந்தபோது, மஞ்சள் வண்ணம் அழகாக இருக்கிறது என்று மட்டுமே எனக்குத் தோன்றியிருந்தது.

வாயிலுக்கு நேர் எதிரே தொடங்குகிறது விதர்ஸ்பூன் தெரு. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட கல்லூரித் தலைவரின் பெயர் அது. அவரும் அடிமைகளை வைத்திருந்தவரே. இடப்புறம் பாமர் சதுக்கத்தின் கடைகள் அழகழகாக நிற்கின்றன. 1930-களில் அந்தச் சதுக்கம் எழுந்தபோது, அங்கே வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் அகற்றப்பட்டு, அவர்களுடைய வீடுகளில் சில ஊரின் வடக்கே பர்ச் அவென்யூவுக்கு நகர்த்தப்பட்டன. அங்கே விற்கும் ஐஸ்கிரீமை நானும் வரிசையில் நின்று வாங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தெருவின் வலப்புறத்தில் பிரின்ஸ்டன் கல்லறைத்தோட்டம். அமெரிக்க அதிபராக இருமுறை இருந்த குரோவர் கிளீவ்லாண்ட், கோடல், கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் ஆகியோர் இங்கே உறங்குகிறார்கள். அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டனை 1804-இல் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக்கொன்ற ஆரன் பர், கல்லூரித் தலைவராக இருந்த தம் தந்தையின் காலடியில் கிடக்கிறார். வருகிறவர்கள் தேடுவது பெரும்பாலும் இந்த நால்வரைத்தான். நான் தேடியது விதர்ஸ்பூன் தெருவை ஒட்டிய பகுதியை. அந்தக் காலத்தில் கறுப்பின மக்கள் தனியே புதைக்கப்பட்ட இடம் அது. வில்லியம் ரோப்சனும் அவர் மனைவி மரியா லூயிசாவும் அங்கே இருக்கிறார்கள். பதினைந்து வயதில் வட கரோலினாவின் அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து, படித்து, இதே தெருவின் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்துக்குப் போதகரானவர் வில்லியம்.

அவர்களுடைய கடைசி மகன்தான் பாடகர் பால் ரோப்சன். அவர் 1898-இல் பிறந்த வீடு, சற்றுத் தள்ளி 110-ஆம் எண்ணில் இருக்கிறது. மெர்சர் தெருவின் 112-க்கும் இந்த 110-க்கும் நடுவே ஒரு தொடர்பு உண்டு: 1937-இல் பாடகி மரியன் ஆண்டர்சன் கச்சேரிக்காக இந்த ஊருக்கு வந்தபோது, கறுப்பினத்தவர் என்பதால் விடுதியில் அறை மறுக்கப்பட்டது, ஐன்ஸ்டைன் அவரைத் தம் வீட்டில் தங்கவைத்தார். கறுப்பின மக்களைக் கும்பல்கள் அடித்துக் கொல்வதற்கு எதிராக 1946-இல் ரோப்சன் தொடங்கிய இயக்கத்திலும் ஐன்ஸ்டைன் அவரோடு நின்றார்.

ரோப்சன் 1915-இல் கல்லூரியில் சேர்ந்தது ரட்கர்ஸில்தான். அவருடைய குடும்பமும் அதற்குள் பிரின்ஸ்டனை விட்டுப் போயிருந்தது. இந்தப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் ஒருவர் முதன்முதலாக இளநிலைப் பட்டம் பெற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டின் எதிர்ப்புறத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வேகம் கூட்டாமல், தெருவில் திரும்பி நடந்தேன். வாயிலை அடைய எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.