மான்ஸ்டர் விழ எத்தனை நொடி?

என்னோடு உட்கார்ந்து அனிமேஷன் படம் பார்க்க வீட்டில் யாரும் வருவதில்லை. தப்பு என்னுடையதுதான். ராட்சத மிருகம் ஒன்று அடிபட்டுச் சாய ஆரம்பித்ததும் ஃபோனில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டுவேன். தரையைத் தொட்டதும் நிறுத்துவேன். அப்புறம் படத்தைப் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை. அக்கா ஒருநாள் ரிமோட்டைப் பிடுங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

போன வாரம் பார்த்த படத்தில், மான்ஸ்டரின் உயரம் 100 மீட்டர் என்று ஒரு விஞ்ஞானி பதறிப்போய்ச் சொல்கிறார். சரி. நாயகி பறந்து வந்து தாடையில் ஒரு குத்து விடுகிறாள். 1.6 நொடியில் மான்ஸ்டர் மல்லாந்து கிடக்கிறது. எனக்குப் படம் அங்கேயே முடிந்துவிட்டது. 100 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல்லைப் போட்டாலே கீழே வர நாலரை நொடி ஆகும். நின்ற இடத்திலிருந்து மரம் மாதிரிச் சாயும் உடம்புக்கு இன்னும் கூடவே ஆகும். 1.6 நொடியில் ஒரு கல் விழக்கூடிய தூரம் பன்னிரண்டு மீட்டர் சொச்சம்தான். கணக்கே தெரியாதவர்களும் ‘என்னமோ பொம்மை மாதிரி இருக்கே’ என்று சொல்வது இதனால்தான்.

1954-இல் வந்த முதல் காட்ஜில்லா படக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கதைப்படி காட்ஜில்லா என்ற அந்த ராட்சத மிருகத்தின் உயரம் 50 மீட்டர். உடையைப் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தவர் மனிதர், அதனால் கட்டடங்களை 25-இல் ஒரு பங்காகச் செய்து வைத்தார்கள். கேமராவை வேகமாக ஓடவிட்டுப் படம்பிடித்து, சாதாரண வேகத்தில் காட்டினார்கள். அப்போது திரையில் எல்லாம் மெதுவாக நடக்கும். அளவு 25 மடங்கு கூடினால் விழும் நேரம் அதன் வர்க்கமூலம், அதாவது 5 மடங்கு நீளும். போதாததற்கு அந்த ரப்பர் உடையின் கனமே நடிகரைத் தள்ளாட வைத்தது. மெதுவாக நட என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

அனிமேஷனில் அந்த உதவி கிடையாது. பென்சில் கோட்டுக்கு எடையே இல்லை. ஒவ்வொரு கிராமையும் வரைபவர்தான் நேரத்தால் கொடுக்க வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம், ஓர் ஓவியத்துக்கு இரண்டு ஃப்ரேம் என்று வைத்தால், நாலரை நொடிச் சாய்வுக்கு 54 ஓவியங்கள். அதில் முதல் பதினைந்து இருபதில் மான்ஸ்டர் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். சண்டைக் காட்சியில் எதுவும் நடக்காத படங்களை வரைய எவ்வளவு பொறுமை வேண்டும்!

நாயகர்களின் பாடு வேறு. சூப்பர்மேன் காமிக்ஸில் முதலில் பறக்கவில்லை, எட்டு எட்டாகத் தாவினான். 1941-இல் அவனைக் கார்ட்டூனாக்கிய ஃபிளைஷர் ஸ்டூடியோவில் அந்தத் தாவலை வரைந்து பார்த்தபோது கோமாளித்தனமாக இருந்ததால்தான் பறக்கவிட்டார்கள் என்பார்கள். 1942-இல் அதே வரிசையில் ஒரு குறும்படம். பனியில் உறைந்த டைனோசர் ஒன்றை ஊருக்குள் கொண்டுவந்து வைக்கிறார்கள், குளிர்சாதனம் பழுதாகிறது, பனி உருகி அது எழுந்து நடக்கிறது. காட்ஜில்லாவுக்குப் பன்னிரண்டு வருடம் முந்தியது இது! அதில் எனக்குப் பிடித்தது, அவன் பாதி நேரம் மிருகத்தோடு மோதுவதே இல்லை. அது உடைத்த அணையின் வெள்ளத்தைத் தடுக்க ஓடிக்கொண்டிருக்கிறான். மிருகத்தின் கனம் அந்த வெள்ளத்தில்தான் தெரிகிறது.

இப்போதைய படங்களில் கேமராவும் நாயகனோடு சேர்ந்து பறக்கிறது. மான்ஸ்டரின் கண்ணுக்கு நேராக நாமும் மிதந்தால் அது பெரியது என்று எப்படித் தெரியும்? என்னைக் கேட்டால் கேமராவைப் பிடித்துத் தெருவில் நிறுத்திவிட வேண்டும். ஒரு காலும் கொஞ்சம் புழுதியும் தெரிந்தால் போதும்.

“அப்படி ஒரு மிருகம் நிற்கவே முடியாதே, அதை மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறாய்?” என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. கலிலியோ 1638-லேயே எழுதிவிட்டார். உயரம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்காகும், எலும்பின் குறுக்குப் பரப்போ நூறு மடங்குதான். கால் முறிந்துவிடும். ஆனால் அந்தப் பொய்யைப் படம் ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுகிறார்கள், நானும் தலையாட்டிவிடுகிறேன். நடுவில் இரண்டாவது பொய் சொன்னால்தான் கோபம் வருகிறது.

கலிலியோவுக்குக் கட்டுப்பட்ட ராட்சதன் நான் பார்த்தவரை ஒன்றே ஒன்று. 1984-இல் வந்த, ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘நௌசிகா’ அனிமேஷன் படத்தில் வரும் ராட்சதப் போர்வீரன். அந்தக் காட்சியை வரைந்தவர் இளைஞராக இருந்த ஹிதேயாகி அன்னோ. 2016-இல் காட்ஜில்லா படம் ஒன்றை இணைந்து இயக்கியவரும் அவரே. வளர்ந்து முடிவதற்குள் எழுப்பிவிடப்பட்ட அந்த ராட்சதன் தன் கனத்தைத் தானே தாங்க முடியாமல் ஊர்ந்து வருகிறான். சதை சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டே இருக்கிறது. வாயிலிருந்து நெருப்பைக் கக்கியதும் அப்படியே கரைந்து சரிகிறான்.

நானும் அக்காவும் சேர்ந்துதான் அதைப் பார்த்தோம். முடிந்த பிறகு, “எத்தனை நொடி?” என்று கேட்டாள். ஃபோன் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.