முழுப்பரீட்சை லீவில் செரெங்கெட்டி வேண்டாம்

நெல்லையிலிருந்து ஆப்பிரிக்கக் காடும், அதோடு சேர்த்து ஒரு தீவும் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் புரட்டுவது பள்ளிக்கூட நாட்காட்டியைத்தான். ஏப்ரல், மே என்றால் பிள்ளைகளுக்கு லீவு, ஊரில் வெயிலும் தாங்காது, அப்போதே போய்விடலாம் என்று தோன்றும். தான்சானியாவுக்கு அந்த இரண்டு மாதம் மட்டும் வேண்டாம்.

மார்ச் பாதியிலிருந்து மே வரை அங்கே ‘மசிகா’ என்னும் பெருமழைக் காலம். கோவில்பட்டிக் கரிசல் மழையில் என்ன பாடு படுத்துமோ, தான்சானியாவின் வனவிலங்குப் பூங்காவான செரெங்கெட்டியின் கரிசலும் அதே பாடு படுத்தும். நான்கு சக்கரமும் இழுக்கும் லேண்ட் குரூஸரே அச்சு வரை புதையும். அதை இழுக்க இன்னொரு வண்டி வந்து சேருவதற்குள் அரை நாள் போய்விடும். புல் உயர்ந்து நிற்பதால் பக்கத்தில் படுத்திருக்கும் சிங்கம்கூடக் கண்ணில் படாது. கூடார விடுதிகளில் பல ஏப்ரலில் பூட்டியே கிடக்கும். சான்சிபார் தீவிலும் அதே மழைதான். அந்த மாதங்களில் விலை குறைவது இதனால்தான்.

நம் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பொருந்துவது இரண்டு காலம்: தை கடைசியிலிருந்து மாசி பாதி வரை, அல்லது செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு லீவு. இரண்டில் எது என்பதை நீங்கள் எதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்பது முடிவு செய்யும். ஏனென்றால் செரெங்கெட்டியில் விலங்குக் கூட்டம் ஓரிடத்தில் நிற்பதில்லை. 13 லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்டு என்னும் பெரிய மான் வகை விலங்குகளும் லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மழை பெய்த புல்லைத் தேடி ஆண்டு முழுதும் வட்டம் சுற்றுகின்றன. நம் கீதாரிகள் மேய்ச்சல் பார்த்துக் கிடை மாற்றுவது போலத்தான், ஓட்டுகிறவர் மட்டும் இல்லை.

தை, மாசியில் அவை தெற்கே, இண்டுட்டு சமவெளியில் இருக்கும். அங்கே மண் முழுக்கப் பழைய எரிமலைச் சாம்பல். அதில் முளைக்கும் குட்டைப் புல்லில் சுண்ணச்சத்தும் பாஸ்பரஸும் அதிகம், பால் சுரக்கும் தாய்க்கு அதுதான் வேண்டும். அதனால் சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கில் கன்று போடும். கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்கும், அன்றைக்கே தாயோடு ஓடும். சிறுத்தை, சிங்கம், கழுதைப்புலி எல்லாம் அங்கேயே காத்திருக்கும். குட்டைப் புல் என்பதால் வேட்டையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க முடியும். என்னைக் கேட்டால், வடக்கே மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் பேர்பெற்ற காட்சியைவிட இதுதான் உயர்ந்தது.

காலாண்டு லீவுக்குப் போகிறவர்கள் வடக்குக் கோடியில் கோகடெண்டே பக்கம் தங்க வேண்டும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை கூட்டம் மாரா ஆற்றைக் கடந்தும் திரும்பியும் கொண்டிருக்கும். இங்கே தவறாமல் நடக்கும் ஒரு பிழை: நடுச் செரெங்கெட்டியில் செரொனெராவில் மூன்று இரவு அறை போட்டுவிட்டு, ‘ஒருநாள் ஆற்றுக்குப் போய்வரலாம்’ என்று முகவர் சொல்வதை நம்புவது. போக நாலைந்து மணி நேரம், வர நாலைந்து மணி நேரம், ஆற்றங்கரையில் கிடைப்பது ஒரு மணி. கடப்பதற்கு நேரம் குறித்துக்கொண்டு எந்த மந்தையும் வருவதில்லை. கரையில் நாலு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாள் வரும். குறைந்தது மூன்று இரவு ஆற்றுக்கு அருகிலேயே தங்கினால்தான் பார்க்க வாய்ப்பு. வண்டிகள் கரையை அடைத்துக்கொண்டு நின்றால் மந்தை பயந்து கலைந்துவிடும். ‘இன்னும் கொஞ்சம் முன்னாடி விடுங்கள்’ என்று ஓட்டுநரை நெருக்காதீர்கள். முதல் நாளே அவரிடம், காத்திருக்கத் தயார், தள்ளியே நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி.

பத்து இரவை இப்படிப் பிரிப்பேன். கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கி அரூஷா நகரத்தில் ஒன்று, தரங்கிரே பூங்காவில் ஒன்று, இங்கொரோங்கொரோ எரிமலைப் பள்ளத்தின் மேட்டிலோ அடிவாரத்துக் கராட்டு ஊரிலோ ஒன்று, செரெங்கெட்டியில் மூன்று, சான்சிபாரில் நான்கு. மாசியில் போனால் தரங்கிரேயை விட்டுவிட்டு அந்த இரவை இண்டுட்டுவுக்குக் கொடுங்கள். தரங்கிரே யானைகள் ஆற்றைச் சுற்றிக் கூடுவது ஜூலை முதல் அக்டோபர் வரையிலான வறட்சியில்தான். ராமநாதபுரம் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றும் நிற்கும் பெருக்கமரம், அங்கே காடாகவே நிற்கிறது. யானைகள் தந்தத்தால் பட்டையைக் குத்தி உரித்த வடு ஒவ்வொரு மரத்திலும் இருக்கும்.

விமானச் சீட்டு எடுக்கும்போது போகும் ஊரும் திரும்பும் ஊரும் வேறாக எடுங்கள்: இறங்குவது கிளிமஞ்சாரோ, கிளம்புவது சான்சிபார். திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் மாறிப் போவது நமக்கு வசதி. செரெங்கெட்டியிலிருந்து அரூஷாவுக்குச் சாலையில் திரும்பினால் ஒரு பகல் முழுதும் குலுங்கும் மண்சாலை, வழியில் இங்கொரோங்கொரோ எல்லைக்குள் மறுபடி நுழைவதால் அதற்கும் கட்டணம். காட்டுக்குள்ளிருக்கும் மண் ஓடுதளத்திலிருந்தே சிறு விமானத்தில் சான்சிபாருக்குப் பறந்துவிடலாம். ஆனால் அதில் ஆளுக்கு 15 கிலோதான், கைப்பையும் கேமராவும் சேர்த்து. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அதன் வயிற்றில் நுழையாது, துணிப்பைதான் எடுத்துப்போக வேண்டும்.

கட்டணக் கணக்கைப் புரிந்துகொண்டால் முகவர் தரும் விலையை நீங்களே சரிபார்க்கலாம். பூங்கா அனுமதி நாள் கணக்கில் இல்லை, 24 மணி நேரக் கணக்கு. இதை எழுதும்போது வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு உயர்பருவத்தில் செரெங்கெட்டியில் வரியோடு சுமார் 80 டாலர், இங்கொரோங்கொரோவில் சுமார் 70 டாலர். 5 வயதுக்குக் கீழ் இலவசம், 15 வரை குறைவு. எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்க வண்டி ஒன்றுக்கு 295 டாலர் தனியாக உண்டு. இது வண்டிக்கு உள்ள கட்டணம் என்பதால் இரண்டு பேர் போனால் தலைக்கு 150, ஆறு பேர் போனால் 50. அண்ணன் தம்பி குடும்பமாகச் சேர்ந்து போவதில் மிச்சமாகும் பெரிய தொகை இந்த மாதிரி வண்டிச் செலவில்தான். செரெங்கெட்டியின் நாபி மலை வாயிலில் காலை 11 மணிக்கு உள்ளே போனவர் மறுநாளோ அதற்கு மறுநாளோ 11 மணிக்குள் வெளியேறாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம் சேரும். கடைசிக் காலையில் சிறுத்தை ஒன்று கண்ணில் பட்டு நேரம் போவது இங்கேதான். வாயில்களில் ரொக்கம் வாங்குவதில்லை, அட்டை வழியாகவோ முன்கூட்டியோ கட்ட வேண்டும்.

இங்கொரோங்கொரோ பள்ளம் சுமார் 260 சதுர கிலோமீட்டர் தரை, 600 மீட்டர் ஆழச் சுவர். காலை 6 மணிக்கு வாயில் திறக்கும். அப்போதே இறங்கினால் பத்து மணிக்குள் கறுப்புக் காண்டாமிருகத்தைத் தேடலாம், அதற்குப் பிறகு கூட்டமும் கானலும் வந்துவிடும். ஒட்டகச்சிவிங்கி மட்டும் உள்ளே கிடையாது. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் குளத்தங்கரையில் வெளியே உட்கார்ந்து பிரிக்காதீர்கள். கரும்பருந்துகள் கையிலிருந்தே பிடுங்கும், நகம் கிழித்துவிடும். வண்டிக்குள்ளேயே சாப்பிடுங்கள். மேட்டின் உயரம் 2,300 மீட்டர் அளவு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும், மற்ற மாதங்களிலும் விடியற்காலை நடுக்கும். ‘ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே’ என்று கம்பளி இல்லாமல் ஆச்சி, தாத்தாவைக் கூட்டிப்போகாதீர்கள். திறந்த கூரை வழியாக வரும் காற்று குற்றாலத்துச் சாரல் காற்றைவிடக் கடுமை.

துணியில் கருப்பும் கருநீலமும் வேண்டாம். தரங்கிரே மரக்காட்டில் செட்சி ஈ உண்டு, அதைப் பிடிக்கும் பொறிகளையே அந்த நிறத் துணியில்தான் செய்து தொங்கவிட்டிருக்கிறார்கள். மெல்லிய சட்டைக்கு மேலாகவே கடிக்கும், கொசு மருந்துக்கு அவ்வளவாக மசியாது. காக்கி, மண் நிறம், தடித்த பருத்தி நல்லது. ராணுவ உடுப்பு மாதிரித் துணியைத் தவிர்த்துவிடுங்கள்.

தான்சானியாவில் 2019 ஜூன் 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. அல்வா, சேவு, காராபூந்தி எல்லாம் கடைக் கேரிபேக்கில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டாம், மஞ்சப்பை போதும். அதே துணியில் தலையணை உறை அளவுக்கு ஒரு பை தைத்து, வாயில் ஜிப் வைத்து வெறுமையாகக் கொண்டுபோங்கள். அரூஷாவில் இரண்டு கிலோ அரிசியோ பயறோ வாங்கி நிரப்பி வண்டியின் திறந்த கூரை விளிம்பில் போட்டால் 400 மில்லிமீட்டர் லென்ஸ் ஆடாமல் உட்காரும். முக்காலி வண்டிக்குள் உதவாது. புழுதியில் லென்ஸ் கழற்றி மாட்டக் கூடாது, சென்ஸாரில் ஒட்டிய பொடி ஒவ்வொரு படத்திலும் வரும். படம் எடுக்கும்போது எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள், டீசல் அதிர்வே பாதிப் படத்தைக் கெடுக்கிறது.

ஓட்டுநரோடு நேரம் பேசும்போது ஒரு குழப்பம் வரும். ஸ்வாஹிலிக் கணக்கில் பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுவார்கள், நம் காலை 7 மணி அவர்களுக்கு ‘சா மோஜா’, அதாவது ஒரு மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நமக்கு இது புதிதல்ல, ஆனாலும் ‘காலை ஆறா, பன்னிரண்டா’ என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

தடுப்பூசி விஷயம். கென்யா, எத்தியோப்பியா, உகாண்டா போன்ற நாடுகள் வழியாகத் திரும்பினால், மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று இல்லாதவரை இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க முடியும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும், அதன்பின் ஆயுள் முழுவதற்கும் போதும். நமக்குச் சென்னை வரை அலைய வேண்டாம், தூத்துக்குடித் துறைமுக சுகாதார அலுவலகத்திலேயே போடுகிறார்கள். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருப்பதால் முன்பதிவு செய்து, அவர்கள் சொல்லும் நாளில் போக வேண்டும். கடைசி வாரத்துக்கு வைத்துக்கொண்டால் நாள் கிடைக்காது. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயது தாண்டியவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் போடக் கூடாது. மலேரியாவுக்கு முன்காப்பு மாத்திரை உண்டு. அடோவகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பின் 7 நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் 4 வாரம் தொடர வேண்டும். ஊர் வந்தாயிற்று என்று பாதியில் நிறுத்துவதில்தான் ஆபத்து.

தீவைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் ஓய்வு மட்டுமல்ல. ஸ்கூபா முழுகிவிட்டு 24 மணி நேரத்துக்குள் விமானம் ஏறக் கூடாது, மலை மேட்டுக்கும் போகக் கூடாது. தீவிலும் முதல் இரண்டு நாளில் முழுகிவிட்டுக் கடைசி நாளை அங்குள்ள பழைய நகரமான கல் நகரத்துக்கு (ஸ்டோன் டவுன்) வைத்துக்கொள்ளுங்கள். சான்சிபார் இறங்க 2024 அக்டோபர் 1 முதல் பெரியவருக்கு 44 டாலர் கட்டாயக் காப்பீடு உண்டு. உங்களிடம் வேறு காப்பீடு இருந்தாலும் இதையும் வாங்கத்தான் வேண்டும்.

தீவின் எந்தக் கரையில் தங்குவது என்பதைக் காற்றும் ஓதமும் (கடல் ஏற்ற இறக்கமும்) முடிவு செய்யட்டும். ஏப்ரல், மே முதல் அக்டோபர் வரை வீசும் ‘குசி’, தென்கிழக்கிலிருந்து வருகிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டித் திரும்பி நமக்குக் குற்றாலச் சாரல் கொண்டுவருவது இதே காற்றோட்டம்தான். அது கிழக்குக் கரையான பஜே, ஜம்பியானியை நேராக அடிக்கும். பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிறவர்களுக்கு அது சொர்க்கம், குழந்தைகளோடு குளிக்க வந்தவர்களுக்குத் தொல்லை. நம் கரையில் ஓத ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டர்கூட இராது, அங்கே நான்கு மீட்டர் வரை போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கிழக்குக் கரையில் கடல் வெகுதூரம் உள்வாங்கி, கடற்பாசி பயிரிடும் பெண்கள் நடந்து போகும் வெளியாகிவிடும். அறையிலிருந்து கடல் தெரியும் என்று காசு கட்டியவர்கள் பாதிப் பகல் சேறு பார்ப்பார்கள். வீட்டுத் தினசரிக் காலண்டரில் திதி பார்த்துவிட்டே நாள் குறியுங்கள். நீந்துவதே நோக்கம் என்றால் வடக்கே நுங்வி, கெந்துவா நல்லது, அங்கே ஓதம் குறைவாகவே தொல்லை தரும். நடக்கும்போது ரப்பர்ச் செருப்பு கட்டாயம், பாறைப் பள்ளங்களில் கடல் முள்ளெலி கிடக்கும்.

சான்சிபாரில் உள்ள ஜொசானி காட்டின் செங்கொலோபஸ் குரங்கு உலகில் இந்தத் தீவுகளில் மட்டும் உள்ளது. நாட்டு வாதாம், மா இலைகளைத் தின்றுவிட்டு அதிலுள்ள நச்சை முறிக்க அடுப்புக்கரி தின்னும். முண்டந்துறையில் மந்தி பார்த்துப் பழகியவர்கள் இதற்கு ஒரு காலை ஒதுக்க வேண்டும். கிசிம்காசியில் ஓங்கில் (டால்பின்) பார்க்கும் படகுச் சவாரியை விட்டுவிடுங்கள். பத்துப் படகு சேர்ந்து ஒரு கூட்டத்தை விரட்டுவதுதான் அங்கே நடக்கிறது. திமிங்கலச் சுறா பார்க்க ஆசையிருந்தால் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மாஃபியா தீவுக்குப் போகலாம், மாசிப் பயணத்தோடு அது சரியாகப் பொருந்தும்.

சைவர்களுக்குத் தீவில் கவலை இல்லை. ‘வாலி வா நாசி’ தேங்காய்ச் சோறு, ‘ம்சிசா’ கீரை, ‘மஹராகே’ பயற்றுக் குழம்பு. காட்டில்தான் சிக்கல்: மதியப் பொட்டலத்தில் வழக்கமாகக் கோழியும் முட்டையும் வரும். ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் முட்டை வரும், ‘முட்டையும் மீனும் கூடாது’ என்று பதிவின்போதே எழுதி வாங்குங்கள். கல் நகரத்தில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், நோன்பு மாதத்தில் பகலில் தெருவில் சாப்பிடக் கூடாது.

ஊர் திரும்பி மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் ‘ஆப்பிரிக்கா போய்வந்தேன்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லி அன்றே மலேரியா ரத்தப் பரிசோதனை எடுங்கள். டெங்கு என்றோ சளிக்காய்ச்சல் என்றோ நினைத்து இரண்டு நாள் பாராசிட்டமாலில் ஓட்டுவது, ஃபால்சிபாரம் வகை மலேரியா மூளைக்கு ஏறப் போதுமான நேரம்.