மேட்டூர் ஜூன் 12-ல் திறந்த வருஷம்

2020 என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு முகக்கவசமும் இ-பாஸும்தான் ஞாபகம் வரும். காவிரி டெல்டாவில் பேச்சைத் தொடங்கினால் ரெண்டாவது வாக்கியத்தில் தண்ணீர் வந்துவிடும். அந்த ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணை திறந்தது. எட்டு வருஷம் கழித்து, உரிய தேதிக்கு. 2012-ல் செப்டம்பர் 17, 2016-ல் செப்டம்பர் 20, 2017-ல் அக்டோபர் 2, 2019-ல் ஆகஸ்ட் 13. இப்படித் திறந்தால் ஆற்றை நம்பியவர் ஜூனில் தொடங்குகிற குறுவை நெல்லை மறந்துவிட வேண்டியதுதான், பம்புசெட்காரர் மட்டும் நடுவார். 2020-ல் அணை 100 அடிக்கு மேல் நின்றது. ஜூன் 16-ல் கல்லணையும் திறந்தாயிற்று.

அதற்கு முன்னால் வந்தது உளுந்து. மார்ச் 25-ல் ஊரடங்கு விழுந்த நேரம் சம்பா, தாளடி நெல்தாளில் தெளித்த உளுந்தும் பயறும் காய் முற்றி நின்றன. சில நாளில் விவசாய வேலைக்கு விலக்கு வந்தது, பஸ் ஓடாத ரோடெல்லாம் களமானது. ஆனால் ஒரு சங்கடம். மற்ற வருஷம் ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிச் சக்கரமே செடியை அடித்துக் கொடுக்கும். வண்டியே இல்லாத ரோட்டில் டிராக்டரை விட்டுத்தான் மிதிக்க வேண்டும். அதையும் வெயில் ஏறிய பிறகு செய்தால்தான் காய் வெடிக்கும், காலைப் பனியில் மிதித்தால் நசுங்கும். ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கம் கொடிக்கால்காரர்களுக்கு அது நல்ல கோடை இல்லை. கல்யாணம் நின்றால் வெற்றிலை எங்கே போகும்?

மேட்டூர் திறக்கிற தேதி உறுதியானதும் எல்லோருக்கும் கை பரபரத்தது நாற்றங்காலில்தான். ஏக்கருக்கு 8 சென்ட், விதை 24 கிலோ. 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ கல்லுப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் பதர் மேலே வரும். அதை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் ரெண்டு மூன்று தடவை அலசியே ஆக வேண்டும். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். ஒருநாள் ஊறல், ஒருநாள் சாக்கில் மூட்டம். ஜூன் வெயிலில் கெடுவது இந்த மூட்டத்தில்தான்: சாக்கின் நடுவில் சூடேறி விதை வெந்துவிடும். இடையில் புரட்டித் தண்ணீர் தெளிக்காமல் தூங்கிவிட்டு, பிறகு விதைக் கடைக்காரரைத் திட்டிப் பிரயோசனமில்லை. முளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும்போதே தெளிக்க வேண்டும். நீண்டுவிட்டால் கையில் அள்ளும்போதே ஒடியும்.

நம் களிமண்ணில் நாற்றுப் பறிக்கும்போது வேர் அறுகிற தொல்லை உண்டு. தெளித்த பத்தாம் நாள் சென்டுக்கு 4 கிலோ ஜிப்சம், 1 கிலோ டிஏபி உரம் போட்டால் கொத்துக் கொத்தாக வேரோடு கழன்று வரும். குறுவை நாற்றுக்கு 18 முதல் 22 நாள். அதைத் தாண்டினால் தூர், அதாவது பயிர் விடுகிற பக்கக் கிளை, குறையும். தண்ணீர் வாய்க்கால் முடிகிற கடைமடைக்கு வரப் பிந்தியதும் நாற்று முற்றுகிற கணக்கு இதுதான். திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் திரும்பிய பிள்ளைகள் சேற்றில் இறங்கியதை இப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 15-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியெல்லாம் அவர்கள் நட்ட வயலில் தேடக்கூடாது.

ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 2-ல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, முழு ஊரடங்கு. எத்தனையோ வருஷம் மணல் தெரியும் ஆற்றில் அடிபம்பு வைத்துப் பூஜை பண்ணிய ஜனங்களுக்கு, ஆறு ஓடியபோது படித்துறைக்குப் போக முடியவில்லை. வாசலில் ஒரு குடம், மஞ்சள் பிள்ளையார், காதோலை கருகமணி, காப்பரிசி. அரிசியை ஊறவைத்து ஈரம் போகத் துணியில் உலர்த்திய பிறகுதான் வெல்லம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் விட்டு நசநசத்துப் போகும்.

110 நாள் ரகம் செப்டம்பரில் அறுவடைக்கு வந்தது. அங்கேதான் அக்டோபர் 1 குறுக்கே நின்றது. அரசு நெல் கொள்முதல் வருஷம் அப்போது அன்றுதான் மாறியது. சன்ன ரகம் குவிண்டால் 1905 ரூபாயிலிருந்து 1958-க்கு ஏறியது. 40 கிலோ மூட்டைக்கு 21 ரூபாய் சொச்சம். அதற்காக நெல்லைக் குவித்து வைத்துக் காத்திருந்தால், ஒரு மழை போதும், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடும், கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்புவார்கள். திரும்பக் காயவைக்கிற கூலியில் அந்த 21 ரூபாய் கரைந்துபோகும். காத்திருந்தே தீருவேன் என்பவர் குவியலை முதுகு உயர்த்திக் கட்ட வேண்டும், சுற்றி ஒரு சாண் வாய்க்கால் வெட்ட வேண்டும், வெயில் தலைகாட்டியதும் தார்ப்பாயை விலக்க வேண்டும். மூடியே வைத்தால் உள்ளே வியர்த்து, மூன்றாம் நாள் மேல் அடுக்கில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும்.