மலையில் எல்லாரும் சாமி

பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள் கோட்டுக்கு உள்ளே போடும் தெர்மல் பனியனைப் பதினோரு வருஷமாகத் திருப்பூரிலிருந்து தைத்து அனுப்புகிறேன். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பாலியஸ்டர் துணி, மேடு தட்டாமல் தட்டையாகப் படியும் ஃப்ளாட்லாக் தையல். தோளில் தையல் உறுத்தவே கூடாது என்று பையர், அதாவது சரக்கை வாங்குகிறவர், மெயிலுக்கு மேல் மெயில் போடுவார். எதற்கு இத்தனை கவனம் என்று போன பிப்ரவரியில் ஆஸ்திரியா போனபோதுதான் புரிந்தது.

ஆர்ல்பெர்க் மலையில் சாங்க்ட் ஆன்டன் என்று ஓர் ஊர். உயரம் 1,304 மீட்டர்தான், நம் ஊட்டியைவிட 900 மீட்டருக்கு மேல் தாழ்வு. ஆனால் வீட்டு ஜன்னல் வரை பனி. பகலில் எனக்கும் பாலபாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அதை விடுங்கள், நான் சொல்ல வந்தது சாயங்காலத்தை.

நாலு மணி வாக்கில், ஆட்களைச் சரிவின் மேலே ஏற்றும் லிஃப்ட் நின்றுவிடும். யாரும் அறைக்குப் போவதில்லை. சரிவின் ஓரத்திலேயே மரக் குடில்கள் இருக்கின்றன. வாசலில் பனிச்சறுக்குக் கட்டைகளைச் சோளத்தட்டு சாத்தி வைத்த மாதிரி பனியில் குத்தி நிறுத்திவிட்டு உள்ளே நுழைகிறார்கள். இதற்கு பிரெஞ்சில் அப்ரே ஸ்கீ என்று பெயர், சறுக்கிய பிறகு என்று அர்த்தம். கூட்டம் தோளோடு தோள் உரசி நிற்கும். 2020 மார்ச்சில் அதே டிரோல் மாநிலத்தின் இஷ்கல் ஊரில் இப்படிப்பட்ட குடில்களில் தொற்றிய கொரோனாதான் பல நாடுகளுக்குப் போனது.

உள்ளே அனல். எல்லாரும் கோட்டைக் கழற்றுகிறார்கள், பூட்ஸ் கிளிப்பைத் தளர்த்துகிறார்கள். வியர்த்த உடம்போடு தெர்மல் பனியனில் ஆடுகிறார்கள், மேசை மேல்கூட. பருத்தியாக இருந்தால் ஈரம் உடம்போடு ஒட்டி, வெளியே வந்ததும் வெடவெடவென்று நடுங்க வைத்துவிடும். நம் தையல் அந்தத் தோள்களில் உறுத்தாமல் கிடந்ததைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது.

சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சுட வைத்த க்ளூவைன்தான் அங்கே பிரதானம். நான் குடிப்பதில்லை. எனக்கு அதே மசாலாவைப் பழச்சாற்றில் போட்ட கிண்டர்புன்ஷ் வாங்கிக் கொடுத்தார்கள். வாசனை சுக்குக் காபிக்குப் பக்கத்தில் வருகிறது. குடித்துவிட்டு இருட்டில் சறுக்கி ஊருக்கு இறங்குகிறார்களே, அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

பையரின் மேலாளரை அவருடைய ஆபீஸ் பையன் 'டு' என்று கூப்பிட்டதுதான் என்னை நிமிர வைத்தது. ஜெர்மனில் 'ஸீ' என்றால் நீங்கள், 'டு' என்றால் நீ. ஆயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டால் 'ஸீ' கிடையாது, அது மலை வழக்கம் என்றார் மேலாளர். கீழே இறங்கினால் மறுபடி 'ஸீ'தானாம்.

எனக்கு உடனே, கோவைக்குப் பக்கத்தில் சிவனைப் பார்க்க ஏறுகிற வெள்ளியங்கிரி ஞாபகம் வந்தது. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிற ஊர் நம்முடையது. ஆனால் அந்த ஏழு மலையில் முதலாளியும் சாமி, மூட்டை தூக்குகிறவரும் சாமி. குழந்தையையே 'வா சாமி' என்று கொஞ்சுகிற கொங்கு நாட்டில் அந்தச் சொல்லுக்குத் தனி ஈரம் உண்டு.

இந்தச் சித்திரையில் பங்காளிகளோடு ஏறினேன். இறங்கும்போதுதான் முழங்கால் ஆடும். அப்படி நான் நின்ற இடத்தில் ஒரு பெரியவர், "இதை ஊனிக்க சாமி" என்று தன் மூங்கில் தடியைக் கொடுத்தார். விடியும்போது பூண்டி அடிவாரத்தில் அவரோடு உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு டீ குடித்தோம். அப்போதுதான் தெரிந்தது, நான் போனில் மட்டுமே பேசியிருக்கிற சாயப்பட்டறை முதலாளி அவர். துணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மணி நேரம் கெண்டைக்கால் வலியையும் காற்றையும் பற்றியே பேசினோம்.

அடுத்த வாரம் அவர் பட்டறையிலிருந்து வந்த ஒரு லாட் துணியில் நிறம் பிசகியிருந்தது. போன் போட்டேன். "சொல்லுங்க" என்றார். பேரைச் சொன்னதும் ஒரு நொடி நிறுத்தி, "சொல்லு சாமி" என்றார்.