ரிச் மல்லின்ஸின் முதல் ஆல்பம்: ஒரு ஆர்மோனியமும் ஒரு கிட்டாரும் வைத்துப் பாடிப் பார்த்தது

அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகர் ரிச் மல்லின்ஸின் முதல் ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்டவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் முகம் சுளிப்பார்கள். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, அந்த டிரம்ஸ் சத்தம்தான் தாங்கவில்லை என்பார்கள். 1986இல் ரீயூனியன் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பு அது. தயாரிப்பாளர் ரீட் ஆர்வின். 1988இல் ‘ஆசம் காட்’ பாடலைத் தந்து, பிறகு டல்சிமர் என்ற வாத்தியத்தின் கம்பிகளைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டு மேடையில் அமர்ந்த மனிதரை மட்டும் அறிந்தவர்களுக்கு, இந்தப் பளபளப்பான சிந்தசைசர் பாப் இசை வேறு யாருடையதோ என்று தோன்றும். எனக்கு அந்தப் பாடல்கள் மிகவும் பிடிக்கும். மேலே போர்த்தியிருக்கும் ஒலியை எடுத்துவிட்டால் எந்தப் பாட்டு நிற்கும், எந்தப் பாட்டு விழும் என்று வெகுநாளாகவே பார்க்க ஆசை. இந்த முறை மீன்பிடித் தடைக்காலத்தில் செய்து பார்த்துவிட்டேன்.

தடைக்காலம் என்றதும் உள்ளூர்க்காரர்களுக்குப் புரிந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் தம்பியும் தபேலாக்காரரும் படகுக்குப் போகிறவர்கள். மற்ற மாதங்களில் இருவரையும் ஒரே மாலையில் பிடிப்பது அரிது. கையில் வருமானமில்லாத காலத்தில் பாட்டுக்கு வா என்று கூப்பிடுவது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் வலை பின்னி முடித்த கையோடு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்து நின்றது தம்பிதான்.

என்னிடம் இருந்தது கேசட். வெளிநாட்டில் வேலை பார்த்த சித்தப்பா எப்போதோ கொண்டுவந்தது. நம் கடற்கரையில் கேசட் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. நாடாவை டெக்கின் ஹெட்டோடு, அதாவது ஒலியைப் படிக்கும் பகுதியோடு, அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத்துண்டு பசை காய்ந்து உதிர்ந்து கிடந்தது. ஒட்டிய கேசட்டாக இல்லாமல் திருகாணி போட்டதாக இருந்தது நல்லதாயிற்று. பிரித்து, வேறொரு கேசட்டிலிருந்து பஞ்சோடு சேர்ந்த தகட்டை எடுத்துப் பொருத்தினேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிய துணியால் நாடாவைத் துடைத்துத் துடைத்து மெதுவாகச் சுற்றி எடுத்தேன். டெக்கின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் சுத்தம் செய்தேன்.

அதற்குப் பிறகும் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதாகவே இருந்தது. ஹெட்டின் பக்கத்தில் ஒரு பொடித் திருகாணி இருக்கும். அதைத் தலைமுடி அளவு திருப்பினால் ஹெட்டின் சாய்வு மாறும். இடது, வலது என்ற இரண்டு சேனலையும் ஒன்றாக்கிக் கேட்டுக்கொண்டே திருப்ப வேண்டும். ஓர் இடம் வரும்போது சிம்பல்கள் திடீரென்று விழித்துக்கொள்கின்றன. ‘ஸ்’ எழுத்துகள் கூராகின்றன. அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். பழைய கேசட் வைத்திருப்பவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள். கேசட் என்றாலே மங்கல்தான் என்று நாம் பழி சுமத்தியதில் பாதி, சாய்ந்த ஹெட்டின் குறை.

டெக் கொஞ்சம் வேகமாகவும் ஓடியது. கிட்டாரின் சுருதியை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம், ஆர்மோனியத்தை அப்படிச் செய்ய முடியாது. கணினியில் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகத்தை மூன்று சதவீத அளவுக்குக் குறைத்ததும் கட்டையோடு சேர்ந்தது. சேர்ந்த பிறகு மல்லின்ஸின் குரல் இன்னும் கரகரப்பாக, வயதானதாகத் தெரிந்தது. அதுவே அவர் குரல் என்று மனது ஏற்றுக்கொண்டது.

இனி அந்த டிரம்ஸ். எண்பதுகளின் மேற்கத்திய பாப் பாட்டில் ஸ்னேர் என்ற டிரம் ஒவ்வொரு அடிக்கும் கதவை அறைந்து சாத்தியது போல் ஒலிக்கும். பெரிய அறையின் எதிரொலியைப் பிடித்து, அது தானாக அடங்குவதற்கு முன்பே மின்னணுக் கருவியால் வெட்டிவிடுவார்கள். 1980இல் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தில் ஃபில் காலின்ஸ் வாசிக்க, ஒலிப்பதிவாளர் ஹ்யூ பட்ஜம் இதைச் செய்தார். பிறகு பத்து ஆண்டுகளுக்கு எல்லாரும் அதையே செய்தார்கள். 1983இல் யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் வந்ததும் மணியோசை போன்ற அந்தக் கீபோர்டு ஒலியும் எங்கும் பரவியது. மல்லின்ஸின் ஆல்பம் அந்த அலையில் பிறந்த பிள்ளை. நம் பக்கமும் பாருங்கள்: அதே 1986இல்தான் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியையும் சிந்தசைசரையும் வைத்து இசையமைத்தார். அந்த ஒலியைப் பழசு என்று நாம் ஒதுக்குவதில்லை. கேட்டதும் நம் பள்ளிக்கூட நாட்களும் டீக்கடை ரேடியோவும் கூடவே வந்துவிடுகின்றன. மல்லின்ஸின் ஒலிக்கு நம்மிடம் அப்படிப்பட்ட நினைவு இல்லை, அதனால் கடுமையாகத் தீர்ப்பு சொல்கிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன்.

முதலில் எடுத்தது ‘எலைஜா’. அரசர்கள் இரண்டாம் நூலில் நெருப்புத்தேரும் நெருப்புக் குதிரைகளும் வர, சுழற்காற்றில் விண்ணகம் சென்ற எலியாவைப் போல் நானும் போக வேண்டும் என்கிற பாட்டு. ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்திக்குப் போய்விடும். மிச்சம் இருக்கும் ஒரே கையில்தான் மெட்டையும் வாசிக்க வேண்டும், சேர்ந்து ஒலிக்கும் சுரங்களான கார்டையும் பிடிக்க வேண்டும். இந்த நெருக்கடி நல்ல சோதனை. பியானோவில் அலங்காரமாகத் தெரிந்தவை எல்லாம் கழன்றுவிடுகின்றன. மெட்டும் அதன் கீழே இரண்டு சுரங்களும் மட்டும் மிஞ்சும். பாட்டு நின்றது. பியானோவின் ஒலி தட்டியதும் தேய்ந்துபோகும். துருத்தி ஒலி தேயாமல் நீள்வதால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூச்சு வாங்க நேரம் கிடைத்தது. கேசட்டில் அந்த இடங்களை நிரப்பிக்கொண்டிருந்தது டிரம்ஸ்.

பல்லவியில்தான் சிக்கல். தபேலாக்காரர் உற்சாகமாக ஏற்றினார், கேட்கவும் எடுப்பாக இருந்தது. எங்கள் குழுவின் மூத்த குரல், நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், ஆங்கில வரிகளுக்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன். அவர்கள் குடும்பம் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியிலிருந்து இங்கே வந்து குடியேறியது. ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோன அந்த இரவைப் பற்றி வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்.

“காற்றிலே போக வேண்டும் என்று கேட்டு வாங்குகிறாரா?” என்றார். “ஆமாம் பெரியம்மா, கடவுளிடம் போகத்தானே.” கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்படியென்றால் அதை மெல்லப் பாடு, ராசா. காற்றைப் பார்த்தவர்கள் அதைச் சத்தமாகக் கேட்க மாட்டார்கள்.”

பல்லவியிலிருந்து தபேலாவை எடுத்துவிட்டோம். கிட்டாரையும் விரலால் மட்டும் மீட்டச் சொன்னேன். பெரிய டிரம்ஸோடு கேட்கும்போது வெற்றி முழக்கமாக இருக்கும் வரிகள், வேண்டுதலாக இறங்கி வந்தன. 1997 செப்டம்பர் 19 அன்று, 41 வயதில், இல்லினாயில் சாலை விபத்தில் மல்லின்ஸ் இறந்தார். அதைத் தெரிந்துகொண்டு இந்தப் பாட்டைப் பாடும் யாருக்கும் சத்தம் தானாகவே குறையும் என்று நினைக்கிறேன்.

‘ஹவ் கேன் ஐ கீப் மைசெல்ஃப் ஃப்ரம் சிங்கிங்’ பாட்டைக் குழு சட்டென்று பிடித்துக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லோரி மெட்டமைத்த பழைய ஞானப்பாட்டுக்கும் ஏறக்குறைய இதே தலைப்பு. இரண்டும் வேறு. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாய்விட்டுப் பாட எழுதிய பாட்டு, எந்தக் கருவியில் வைத்தாலும் ஓடும்.

விழுந்தது ‘எ ஃப்யூ குட் மென்’. ஆர்மோனியத்தில் வைத்ததும் உயிரே இல்லை. கஹர்வா தாளத்தில் போட்டோம், கொஞ்சம் எழுந்து உட்கார்ந்ததே தவிர நடக்கவில்லை. கடைசியில் ஆலயத்துக் கீபோர்டைக் கொண்டுவந்து, அதிலிருந்த எண்பதுகளின் மணியோசையையும் ரிதம் பெட்டியையும் போட்டுப் பார்த்தேன். பாட்டு எழுந்து ஓடியது! எல்லாரும் முகம் சுளிக்கும் அந்த ஒலிதான் இந்தப் பாட்டுக்குக் கால். ஆகவே ஆர்வினின் தயாரிப்பு மொத்தமும் மேற்பூச்சு என்று சொல்ல எனக்கு இனி மனம் வராது. சில பாடல்களில் அது உடைதான், கழற்றலாம். இதில் எலும்பு.

இறப்பதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்பு, கைவிடப்பட்ட ஒரு ஆலயத்தில் சாதாரண டேப் ரெக்கார்டரை வைத்துத் தன் புதுப் பாடல்களைப் பாடிப் பதிவு செய்தார் மல்லின்ஸ். அந்தப் பதிவும், அதே பாடல்களை அவர் தோழர்கள் ஸ்டுடியோவில் முழுமையாக்கிய வடிவமும் 1998இல் சேர்ந்து வெளிவந்தன. அந்தக் கரடுமுரடான பதிவுதான் உண்மையான மல்லின்ஸ் என்பது என் நண்பர்கள் பலரின் கட்சி. நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். ‘எ ஃப்யூ குட் மென்’ பாட்டோடு மல்லுக்கட்டிய பிறகு இரண்டையும் ஒரே அலமாரியில், பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இன்னும் பாதி ஆல்பம் மிச்சம் இருக்கிறது. ‘போத் ஃபீட் ஆன் தி கிரவுண்ட்’ பாட்டுக்குத் தம்பி கார்டு எழுதி வைத்துவிட்டான். அவன் கடலுக்குத் திரும்பிவிட்டதால், ஞாயிறு திருப்பலி முடிந்து கிடைக்கும் நேரத்தில்தான் இனி ஒத்திகை. ‘எலைஜா’வை மல்லின்ஸ் 1996 தொகுப்புக்காக மறுபடி பாடியிருக்கிறார். எங்கள் வடிவம் அதன் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று இதுவரை அதைத் தொடாமல் வைத்திருந்தேன். எங்கள் பதிவு நேற்று முடிந்தது. பெரியம்மாவையும் தபேலாக்காரரையும் கூட்டி வைத்து, வரும் ஞாயிறன்று அதைக் கேட்கப் போகிறோம்.