பாக்கி என்று தேடியபோது

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு தறிப்பட்டறை. நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தறிச் சத்தத்தில்தான் தூக்கம் வரும். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் விழிப்பு வந்துவிடும். அம்மா 22 வருடம் அங்கே வேலை பார்த்தார். முதலில் தார் சுற்றினார் (ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றுவது), அப்புறம் தறி ஓட்டினார். ஆகவே விசைத்தறித் தொழிலாளர்கள் பட்டறைக்காரரிடம் வாங்கும் முன்பணத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம் என்று நெறியாளர் ஒப்புக்கொண்டதும், பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. "சரிம்மா, இதைப் பத்தி ஏற்கெனவே யார் யார் எழுதியிருக்காங்கன்னு ஒரு முப்பது எடுத்துட்டு வா" என்றார். அந்த முப்பதைச் சேர்க்க ஏழு மாதம் ஆயிற்று. முதல் இரண்டு மாதம் வீணாகப் போனது. அந்த இரண்டு மாதத்தை இன்னொருவர் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் செய்தது, கூகுளில் 'தமிழ்நாட்டு விசைத்தறித் தொழிலாளர்களின் பிரச்சினைகள்' என்று ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக அடித்தது. தறி விற்கிறவர்களின் பக்கங்கள் வந்தன, கூலி உயர்வுப் போராட்டச் செய்திகள் வந்தன, நாலைந்து பக்கத்தில் முடிந்துவிடும் கட்டுரைகள் நிறைய வந்தன. கையில் கிடைத்ததையெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு கட்டுரையில், நூற்றுக்கு இத்தனை பேர் கடனில் இருக்கிறார்கள் என்று ஓர் எண் இருந்தது. அதை எடுத்து முதல் வரைவில் போட்டேன். நெறியாளர் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இது எங்கிருந்து வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கட்டுரை இன்னொரு கட்டுரையைக் காட்டியது. அது மூன்றாவது ஒன்றைக் காட்டியது. மூன்றாவது காட்டிய இணையப் பக்கம் இப்போது இல்லவே இல்லை. எந்த ஊரில் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று மூன்றிலும் ஒரு வரிகூடக் கிடையாது. அன்றைக்கே ஒன்பது கட்டுரைகளைத் தூக்கிப் போட்டேன். இப்போதெல்லாம் ஒரு கட்டுரையைத் திறந்தால் முதலில் பார்ப்பது, யாரை, எங்கே, எந்த வருடம், எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதைத்தான். அது சொல்லப்படவில்லை என்றால் தலைப்பு எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் விட்டுவிடுகிறேன்.

அப்புறம் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். கணினிப் பட்டியலில் பவர்லூம் என்று அடித்தால் நான்கு புத்தகம். அதற்குமேல் இல்லை போலிருக்கிறது என்று எழுந்துவிட்டேன். அங்கிருந்த நூலகர் அம்மா, "என்னம்மா தேடற?" என்று கேட்டார். சொன்னேன்.

"உங்க ஊர்ல அந்தப் பணத்துக்கு என்ன பேரு?"

"பாக்கிங்க மேடம். பாக்கி வாங்கியிருக்கறோம்னு சொல்லுவாங்க."

"சரி. புத்தகம் எழுதறவங்க அதுக்கு என்ன பேரு வெச்சிருக்காங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் தேடல் உண்மையில் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

அவர் என்னை அலமாரிகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனார். எங்கள் நூலகத்தில் டியூவி முறை, அதாவது புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்குவது. அதில் சமூக அறிவியல் 300-களில் வரும். தொழிலாளர் பற்றியவை 331, தொழில் உற்பத்தி பற்றியவை 338, சாதி, பெண்கள் என்று சமூகக் குழுக்களைப் பற்றியவை 305, நெசவுத் தொழில்நுட்பம் எங்கோ தள்ளி 677. ஒரே தறியைப் பற்றிய புத்தகங்கள் நான்கு இடத்தில் பிரிந்து கிடந்தன. பாதியின் தலைப்பில் தறி என்ற சொல்லே இல்லை. 331-இல் ஒரு புத்தகத்தை எடுத்து, முன்பக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கங்களைத் திருப்பிக் காட்டினார். சொல்லடைவில் கடன், முன்பணம் என்ற இடங்களைப் பார், பக்கத்திலேயே வேறு என்ன சொற்கள் இருக்கின்றன என்று எழுதிக்கொள் என்றார். அன்று மாலை நான் ஒரு புத்தகத்தையும் இரவல் வாங்கவில்லை. சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன்.

அதற்கென்று ஒரு நோட்டு போட்டேன். இடப்பக்கம் எங்கள் சொல், வலப்பக்கம் அவர்கள் சொல். பாக்கி என்பதற்கு நேரே அட்வான்ஸ், டெட் பாண்டேஜ் (கடன் அடிமைத்தனம்), நியோ-பாண்டேஜ் (புதுவகை அடிமைத்தனம்), அன்ஃப்ரீ லேபர் (சுதந்திரமற்ற உழைப்பு), பாண்டட் லேபர் (கொத்தடிமை உழைப்பு) என்று நீண்டது. இவை எல்லாம் ஒரே பொருளைச் சொல்லும் வேறு வேறு பெயர்கள் என்றுதான் முதலில் எண்ணினேன். தேடிப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. பாண்டட் லேபர் என்று தேடினால் 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், நீதிமன்றத் தீர்ப்புகள், அரசு அறிக்கைகள் வருகின்றன. அன்ஃப்ரீ லேபர் என்று தேடினால், முன்பணம் வாங்கியவரைச் சுதந்திரமான தொழிலாளி என்று சொல்லலாமா கூடாதா என்று வாதாடுகிற கோட்பாட்டுக் கட்டுரைகள் வருகின்றன. எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்பதிலேயே அவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. ஒரே சொல்லை வைத்துத் தேடினால், சண்டையில் ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு வந்த மாதிரிதான்.

நம் பகுதியை ஆய்வு செய்கிறவர்கள் ஊர்ப் பெயர்களைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. குமாரபாளையத்தைச் சிலர் கொமாரபாளையம் என்கிற உச்சரிப்பில் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். திருப்பூருக்கு ஒரு 'பி', இரண்டு 'பி', 'டி'க்குப் பின் 'ஹெச்' என்று மூன்று வடிவம் உண்டு. கொங்கு என்ற சொல்லையே மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1972-இல் வெளிவந்த தன் நூலின் தலைப்பில் 'ஜி' இல்லாமல் 'கே' போட்டு எழுதியிருக்கிறார். வழக்கமான எழுத்தில் மட்டும் தேடினால் இந்தப் பகுதியைப் பற்றிய ஒரு முக்கியமான நூல் கண்ணில் படாமலே போகலாம்.

மாவட்டங்கள் அதைவிடச் சிக்கல். நாமக்கல் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997-இல். ஈரோட்டை 1979-இல் கோவையிலிருந்து பிரித்தபோது வைத்த பெயர் பெரியார் மாவட்டம். திருப்பூர் மாவட்டம் 2009-இல் வந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாமக்கல் மாவட்டம் என்று நான் மூன்று நாள் தேடினேன். இல்லாத மாவட்டம் எப்படிக் கிடைக்கும்? சேலம் மாவட்டக் கையேட்டைத் திறந்ததும் எங்கள் ஊர்கள் வரிசையாக இருந்தன. இந்த வருடங்களை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

தேடும் முறையில் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான், ஆனால் தினமும் உதவுகிறது. சேர்ந்தே வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். ஒரே ஊரின் பல எழுத்துகளுக்கு நடுவே 'ஆர்' (OR) என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேடும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி. விலை என்ற சொல்லை இப்படிக் கழித்ததும் தறி விற்கிறவர்கள் பெரும்பாலும் காணாமல் போனார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு ராத்திரி, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் பாக்கி என்ற எங்கள் சொல்லையே ஆங்கில எழுத்தில் அடித்து, கூடவே பவர்லூம், தமிழ்நாடு என்று சேர்த்துப் பார்த்தேன். 'பாக்கி கேட்பதும் கொடுப்பதும்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வந்தது. மானிடவியலாளர் கியர்ட் டி நேவ் எழுதி 1999-இல் 'கான்ட்ரிபியூஷன்ஸ் டு இந்தியன் சோசியாலஜி' இதழில் வந்தது. குமாரபாளையத்து விசைத்தறிகளைப் பற்றியது. காவிரிக் கரையோரமாகப் போனால் எங்களுக்குப் பக்கத்து ஊர். எங்கள் தெருவில் புழங்குகிற ஒரு சொல், நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே ஒரு ஆய்விதழின் தலைப்பில் அச்சாகியிருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஒரு கட்டுரையிலிருந்து இரண்டு திசையில் போனேன். அதன் கடைசியில் இருந்த நூற்பட்டியல் என்னைப் பின்னோக்கிக் கூட்டிப் போனது. ஸ்காலரில் அதன் கீழே, பிற்பாடு அதை எடுத்தாண்டவர்களின் பட்டியலுக்கு ஓர் இணைப்பு இருக்கிறது. அது முன்னோக்கிக் கூட்டிப் போனது. அதில் முன்பணம் என்ற சொல்லையும் ஊர்ப் பெயரையும் போட்டு அந்தப் பட்டியலுக்குள்ளேயே தேடலாம். அந்த முப்பதில் பதினேழு இப்படி வந்தவைதான்.

காசு கேட்கிற கட்டுரைகளுக்கு, ஸ்காலரில் மற்ற வடிவங்களையும் திறந்து பார்த்தேன்; சிலவற்றை ஆசிரியர்களே தங்கள் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாக வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கு மின்னஞ்சல் எழுதினேன், இருவரும் அனுப்பினார்கள். 2025 ஜனவரியிலிருந்து ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்திருக்கிறது. அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கிறவர்கள் முதலில் தங்கள் நூலகத்தில் அதைக் கேட்டுவிடுங்கள்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக வலையமைப்பு மையம் நடத்துகிறது, அத்தியாயம் அத்தியாயமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழில் எழுதிய ஆய்வேடுகளும் இருக்கின்றன, ஆனால் அவற்றைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. சில வெறும் படமாக வருடப்பட்டவை. சில யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாக விழும். தேடுபொறிக்கும் அப்படித்தான் தெரியும். தமிழில் நல்ல ஆய்வு இல்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இருக்கிறது, தேடலில் வருவதில்லை. நான் துறையையும் பல்கலைக்கழகத்தையும் தேர்ந்தெடுத்துத் தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துத்தான் நான்கு ஆய்வேடுகளை எடுத்தேன்.

அந்த 1999 கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னதும் அம்மா, "கேக்கறதுதான் மொதல்ல. அவங்களா எங்க குடுத்தாங்க? நான் கேட்டுத்தான் வாங்குனேன். சரியாத்தான் வெச்சிருக்காரு" என்றார். அப்புறம், "தமிழ்ல இருந்தா நானே படிப்பேன் சாமி" என்றார். நான்கு ராத்திரி உட்கார்ந்து வாய்மொழியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். மூன்றாவது ராத்திரி ஓர் இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "அது கொமாரபாளையத்துல. நம்ம பக்கம் பொம்பளைங்களுக்கு வேற கணக்கு" என்று சொல்லத் தொடங்கினார். நோட்டை எடுத்து இடப்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். வலப்பக்கம் எழுத இன்னும் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.