திருவிழா நாட்கள்: கொழிஞ்சாம்பாறைக் குறிப்புகள்

மார்ச் 8
கோயிலில் கொடி ஏறியாச்சு. ஒலிபெருக்கியில் விடிகாலையே மலையாளப் பாட்டு, நடுநடுவே தமிழில் அறிவிப்பு. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கேரள ஊரில் எதுவும் இரண்டு மொழியிலும்தான் நடக்கும். எனக்கு ஆட்டிசம் என்று உறுதியானது கல்லூரி முடித்த பிறகு. அதுவரை ‘வீம்புக்காரி’ என்றுதான் பெயர். ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை அளவுக்கு மீறி உணர்வதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 சேர்த்ததே 2013இல்தான். அப்புறம் என் பள்ளிக்கூடத்தை எப்படிக் குறை சொல்வது?

மார்ச் 11
சாயங்காலம் மெல்ட்டவுன், அதாவது சுமை தாங்காமல் என் கட்டுப்பாடு என்னை விட்டுப் போய்விட்டது. காலையிலிருந்து கரண்ட் இல்லை. வேலந்தாவளம் சந்தையில் நெரிசல். வழக்கமான பஸ் வரவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் குக்கர் விசில். பார்ப்பவர்களுக்கு விசிலுக்கா இப்படி என்று தோன்றும். விசில் கடைசியாக வந்தது, அவ்வளவுதான்.

அது காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. சுடிதாரின் கழுத்துத் தையல் தோலை அறுத்தது. யாரோ கத்துகிறார்கள், அது நான்தான் என்று தெரிகிறது, நிறுத்தத்தான் முடியவில்லை. நெற்றியில் அடித்துக்கொள்ளும் கையும் அப்படித்தான். அடம் பிடிக்கிற பிள்ளை கேட்டது கிடைத்தால் ஓய்ந்துவிடும். எனக்கோ அப்போது எதுவும் வேண்டியிருப்பதில்லை. ஆளில்லாத வீட்டிலும் இது வரும். முடிந்ததும் காய்ச்சல் விட்ட மாதிரி உடம்பு துவண்டு, அப்படியே தூங்கிப்போனேன்.

மார்ச் 12
அத்தை மந்திரித்த கயிறு கொண்டுவந்தார். பாவம், பயந்துபோயிருக்கிறார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது என்று அம்மா எடுத்துச் சொன்னார். கயிறு சாமி படத்தடியில் இருக்கிறது.

மார்ச் 15
இதை மறுநாள்தான் எழுதுகிறேன். நேற்று எழுத வரவில்லை.

செண்டை, கொம்பு, இடையிடையே கதினா வெடி. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். இந்த முறை கத்தவில்லை, அணைந்துபோனேன். ஷட்டவுன். “என்ன கண்ணு, சாப்பிடறயா?” என்று பெரியம்மா கேட்டது புரிந்தது. பதிலும் உள்ளே இருந்தது. வாய்க்கு வரவில்லை. தலையாட்டக்கூட அத்தனை கனம். “ஏன் பேசமாட்டேங்கறே, கோபமா?” என்று கேள்விக்கு மேல் கேள்வி. ஒவ்வொன்றும் என்னை இன்னும் ஆழத்தில் தள்ளியது. அப்போது ஒருவர் சொன்னார்: “முன்னைக்கு இப்ப பரவால்ல, அமைதியா உக்காந்திருக்கா.”

எனக்கு ஆறாதது இதுதான். கத்தினால் ஓடி வருகிறார்கள். உறைந்துபோனால் பாராட்டுகிறார்கள். உள்ளே இருக்கிற சுமை இரண்டிலும் ஒன்றே.

அம்மாதான் கண்டுகொண்டார். ஒன்றும் கேட்காமல் என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய் டியூப்லைட்டை அணைத்தார். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 16
பேச்சு மதியம்தான் வந்தது. “அப்ப நான் என்ன பண்ணோணும், சொல்லு” என்றான் அண்ணன். அவன் போனிலேயே டைப் செய்து கொடுத்தேன். ஒரே கேள்வியை நான் திரும்பத் திரும்பக் கேட்டால், ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருந்தால், அப்போதே வெளியே கூட்டிப்போ. மிஞ்சிவிட்டால் கூட்டத்தை விலக்கு, கையில் படக்கூடிய கத்தி, கண்ணாடியை எடுத்துவிடு, தொடாதே. பேச்சு நின்றிருந்தால் கேள்வி வேண்டாம். எத்தனை நேரம் ஆகும் என்று எனக்கே தெரியாது.

“பக்கத்துல உக்காரலாமா?” என்றான். உட்காரலாம், பேசாமல்.

வாணவேடிக்கை நாளை மறுநாள். நாளைக்கே அம்மாவும் நானும் பொள்ளாச்சியில் சித்தி வீட்டுக்குப் போகிறோம்.